பெட்டி மூடும் முன்

எங்கள் மாதா கோவிலில் சாவுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். செத்த பிறகு மிஸ்ஸி வருவாரே என்று பயந்தவர்கள் அவர்களைவிட அதிகம்.

ஆஸ்பத்திரி நர்ஸை அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. ஜாலான் புசாரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். அங்கிருந்து கோவிலுக்கும், கோவிலிலிருந்து சாவு வீடுகளுக்கும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். காலடிச் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். பாதிப் பேர் அதற்கே சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரே மகன். கணவர் முன்னமே போய்விட்டார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையனை, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சிராங்கூன் சாலையில் சைக்கிளோடு சேர்த்து ஒரு மண் லாரி அடித்துப் போட்டது. பிடோக் பக்கம் கடலைத் தூர்க்க மண் ஏற்றிப்போன லாரி. ஓட்டியவன் சம்சுச் சாராயம் குடித்திருந்தான். ஓட்டியவன் என் அண்ணன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் சும்மா ஒரு விசித்திரமான பெண்மணியின் கதை என்று ஆகிவிடும்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் யார் இறந்தாலும் ஜெபமாலையை முன்நின்று சொல்ல மிஸ்ஸியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவார். நான் பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. சாவு விழுந்தால் முதலாளியிடம் பல்லைக் காட்டி லீவு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். ஆகவே அவரை நான் அதிகம் பார்த்தது பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான்.

பெட்டியைக் கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் வைத்திருப்பார்கள். மிஸ்ஸி வந்ததும் முதலில் போர்த்திய துணியின் ஓரத்தை இழுத்து மடித்துச் செருகுவார். "தலையைக் கொஞ்சம் தூக்கிக்குங்க அங்கிள்" என்று பிணத்திடம் சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி செய்வார். கன்னத்தைத் துடைத்துவிடுவார். அவ்வளவு பதமான கை. வந்தவர்கள் வழக்கப்படி "நல்ல மனுஷன், தங்கமான மனுஷன்" என்று ஆரம்பித்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"அதை நீங்க சொல்லாதீங்க. அவர்கிட்ட அடி வாங்கினவங்க யாராவது இருந்தா அவங்க சொல்லட்டும்" என்பார். அதற்குப் பிறகு அந்த வரிசை வேகமாக நகர்ந்துவிடும்.

கடைசி நாள் பகலில், கோவிலுக்கு எடுக்கும் முன்பு, பெட்டியை மூடுவார்கள். அப்போது மிஸ்ஸி அழுகிறவர்களைக் கையமர்த்திவிட்டுத் தலைமாட்டில் போய் நிற்பார். வார்டில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்.

"இவர்மேல யாருக்காவது வழக்கு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மூடிட்டா அதுவும் இவர்கூட அங்க போயிடும்."

பிறகு மனதுக்குள் ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார். உதடு மட்டும் அசையும். விசுவாசப் பிரமாணம் ஒன்றும் நீளமான ஜெபம் இல்லை. ஆனால் அங்கே நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். மேல்மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டும். பக்கத்து பிளாக்கில் யாரோ பந்து தட்டுவார்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் ஆர்மோனியத் துருத்தியிலிருந்து காற்றுக் கசிந்து ஒரு கட்டை தானாக முனகும். பெட்டிக்குள் இருப்பவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார் என்று அப்போது தோன்றும். சிரிக்காதீர்கள். நல்ல வெயில் அடிக்கும் பகலில் தோன்றியதைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சடங்கு எந்தப் பூசைப் புத்தகத்திலும் கிடையாது. மகனைப் புதைத்த பிறகு மிஸ்ஸி தானாக ஏற்படுத்திக்கொண்டது. பெரும்பாலும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "மூடுங்க" என்பார். சவப்பெட்டிக் கடைச் சீனர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. "போலே?" என்று மலாயில் அனுமதி கேட்டு, மிஸ்ஸி தலையசைத்த பிறகே முதல் திருகாணியில் கை வைப்பார். வழக்கு தீராத பெட்டிக்கு மூடி சரியாக உட்காராது என்று மிஸ்ஸி அவரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவை அப்படி நடந்ததைத் தானே பார்த்ததாகச் சீனர் என்னிடம் சொன்னார். ஈரத்தில் பலகை உப்பியிருக்கும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இதனால் ஒரு நன்மையும் இருந்தது. எங்கள் கோவிலில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மாமியார் மருமகள்கள் வயசாக ஆக ஒருவருக்கொருவர் பலகாரம் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். பெட்டி முன்னால் மானம் போகக்கூடாது பாருங்கள்.

பிடோக்கில் ஒரு பஸ் கண்டக்டர் இறந்தபோது மட்டும் ஒருவர் வாயைத் திறந்தார். அவருடைய மனைவி. மிஸ்ஸி கேட்டு முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இருக்கு மிஸ்ஸி."

"அம்மா, சும்மா இரு லா" என்று மகன் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை 'ஏய்'னுதான் கூப்பிட்டாரு. ஒரு நாள்கூடப் பேரச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில கடைசியாக் கண்ணு தொறந்தப்பகூட 'ஏய், தண்ணி'னுதான் கேட்டாரு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"விடுறீங்களா, வச்சிருக்கீங்களா?"

"வச்சிருந்தா என்ன ஆவும்?"

"நீங்க போற வரைக்கும் அவர் அங்க வாசல்லயே நிப்பார். உள்ள விடமாட்டாங்க."

அந்த அம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நிக்கட்டும். கண்டக்டர் வேலைதானே, நின்னு பழக்கம்தான்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. "விட்டுட்டேன் மிஸ்ஸி. அவருக்கு முட்டி வலிக்கும்."

மூடி உட்காரும்போது யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. இடுக்கில் மாட்டிய காற்றுதான். இருந்தாலும் நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

புதிதாக வந்த இளம் ஃபாதருக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் மிஸ்ஸியைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, கடவுள் இரக்கமே உருவானவர். அவர் மன்னிக்கிறதுக்கு நம்ம சம்மதம் எதுக்கு?"

"அவருக்குச் செஞ்சதை அவர் தாராளமா மன்னிக்கட்டும் ஃபாதர். எனக்குச் செஞ்சதை என்னைக் கேக்காம மன்னிச்சா, அப்புறம் அவர் என்ன நீதிபதி?"

"சிலுவையில நீதியும் இரக்கமும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. பக்கத்துல தொங்கின கள்ளனுக்கு அன்னைக்கே மோட்சம் கொடுக்கலையா?"

"கொடுத்தார். நான் இல்லைங்கல." மிஸ்ஸி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா அந்தக் கள்ளன் யார் பிள்ளையையாவது கொன்னிருப்பான் இல்லையா? அந்தத் தாய் அன்னைக்கு எங்க இருந்தா ஃபாதர்? அவளை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

ஃபாதர் பூசை உடுப்பைக் கழற்ற உள்ளே போய்விட்டார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அண்ணன் சிறைக்குப் போய்த் தண்டனை முடிந்து வந்தான். அதற்குப் பிறகு லாரியையும் தொடவில்லை, குடியையும் தொடவில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன் பெட்டி இறக்கினான். ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒடுங்கி உட்காருவான். மிஸ்ஸிக்கு முதல் வரிசை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும். நாங்கள் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினால் போதும் என்று இருப்போம். மிஸ்ஸி மட்டும் முதல் வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியே கடைசி வரை நடந்து வந்து, அந்தத் தூணுக்குப் பின்னால் போய் அண்ணன் முன்னால் நிற்பார். கைகூப்பி, "சமாதானம்" என்று சிரிப்பார். அவனும் கைகூப்புவான். திரும்பி நடந்து போய்விடுவார். ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது.

கோவிலே உருகிப்போயிற்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மன்னிப்புக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று ஃபாதர் தவக்காலப் பிரசங்கத்திலேயே சொன்னார். சடங்கு விஷயத்தில் மிஸ்ஸியோடு மல்லுக்கு நின்றவர், இதில் தலைவணங்கிவிட்டார். என் அம்மா அதற்குப் பிறகுதான் இரவில் தூங்கத் தொடங்கினாள். அண்ணன் ஒருவன்தான் நம்பவில்லை.

"அது மன்னிப்பு இல்லடா" என்றான் என்னிடம். "ஊசி குத்துறதுக்கு முன்னாடி மிஸ்ஸிங்க சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு. நான் இன்னும் இருக்கேனான்னு பாத்துட்டுப் போறாங்க."

"உனக்குப் பைத்தியமா? அவங்களே தேடி வந்து சமாதானம் சொல்றாங்க. இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"நீ கிட்ட நின்னு பாரு. குளிருதுடா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு பெரிய காரியத்தை ஒரு தாய் செய்கிறார், அதை வாங்கிக்கொள்ளக்கூட இவனுக்குத் தெரியவில்லையே என்று திட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தெம்பனிஸில் புதிய வீட்டுக்குக் குடிபோன சமயம், அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடியை விட்டு வெகு காலம் ஆகியும் அது அவனை விடவில்லை. செய்தி கேட்ட மறுநாளே பார்வையாளர் நேரத்தில் மிஸ்ஸி வந்துவிட்டார். அங்கிருந்த நர்ஸுகளை ஓரங்கட்டிவிட்டு அவரே விரிப்பை மாற்றினார். முகத்தைத் துடைத்தார். கொண்டுவந்த கஞ்சியை ஆற்றி, கரண்டியால் ஊட்டினார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "என்னை மன்னிச்சிடுங்க மிஸ்ஸி" என்றான்.

"வாயைத் தொறங்க" என்றார் மிஸ்ஸி.

"மிஸ்ஸி, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஆறிடும். வாயைத் தொறங்க."

கிண்ணம் காலியாகும் வரை ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் சாகும் வரை தினமும் வந்தார், தினமும் ஊட்டினார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம் நான் இதைப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் மறுபடியும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பிளாக்கின் கீழேதான் பெட்டி வைத்தோம். ஜெபமாலைக்கெல்லாம் மிஸ்ஸி தவறாமல் வந்தார். இந்த வீட்டில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார் என்று சித்தி அடித்துச் சொன்னாள். "இத்தனை வருசம் சமாதானம் சொன்ன மனுசி, பெட்டி முன்னாடி கேப்பாங்களா?" அம்மாவுக்கு ஒரே கவலைதான். பிள்ளை வாசலில் நிற்காமல் உள்ளே போக வேண்டும்.

கடைசி நாள் மத்தியானம் மிஸ்ஸி தலைமாட்டில் போய் நின்றார். கையமர்த்தினார். அதே குரலில் கேட்டார்.

"இவர்மேல யாருக்காவது வழக்கு இருக்கா?"

உதடு அசைந்தது. முடிந்தது. வழக்கமாக "மூடுங்க" என்று சொல்லும் இடம் அது. சீனர் திருப்புளியை எடுத்துவிட்டார்.

"எனக்கு இருக்கு" என்றார் மிஸ்ஸி.

சீனருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கையைத் தாழ்த்திக்கொண்டார். ஃபாதர்தான் முதலில் பேசினார். "என்ன மிஸ்ஸி இது? வாரா வாரம் நீங்கதானே நடந்து போய்ச் சமாதானம் சொன்னீங்க?"

"சமாதானம் சொல்லச் சொன்னது கோவில். சொன்னேன். வழக்கு என்னோடது."

அம்மா எழுந்தாள். நான் பிடிக்கப் போனபோது தள்ளிவிட்டாள். கால்மாட்டில் போய் நின்று, மற்ற வீடுகளில் மிஸ்ஸி கேட்பதைக் கேட்டிருந்தவள்தானே, அதையே கேட்டாள்.

"விடுறீங்களா மிஸ்ஸி, வச்சிருக்கீங்களா?"

"என் பங்கை எப்பவோ விட்டுட்டேன் அக்கா. வெறுப்பு இருந்தா என் கையால ஊட்டியிருப்பேனா? ஆனா செத்தது நான் இல்லையே. அது என் பிள்ளையோட வழக்கு. அவனுக்காக நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அதை விட எனக்கு உரிமை இல்ல. நானும் விட்டுட்டா அவனுக்குன்னு பேச யாரு இருக்கா?"

அவர் அண்ணனுக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்ப உங்க பிள்ளையைக் கேளுங்க."

"அக்கா..."

"என் பிள்ளை இங்கதான் படுத்திருக்கான். உங்க பிள்ளையையும் இங்க கூப்பிட்டுக் கேளுங்க. நீங்க கூப்பிட்டா வருவான்."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸி லிஃப்ட் இருக்கும் பக்கமாகத் திரும்பினார். அங்கே எங்கள் உறவினர்கள் சிலர் நின்றிருந்தார்கள். யாரும் சொல்லாமலே அவர்கள் இரண்டு பக்கமும் விலகி நடுவில் இடம் விட்டார்கள். ஏன் விலகினீர்கள் என்று பிற்பாடு கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"தம்பி" என்றார் மிஸ்ஸி அந்தக் காலி இடத்தைப் பார்த்து. "விடுறியாப்பா, வச்சிருக்கியா?"

இந்த முறை அவர் உதடு அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை "ம்" என்றார். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் தூண்களுக்கு நடுவே மட்டும் மழைக்கு முன்னால் வருமே, அப்படி ஒரு குளிர். சீனர் இரண்டு கையையும் மார்பில் சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"உனக்காகத்தானேப்பா" என்றார் மிஸ்ஸி மெதுவாக. எப்போதும் முகத்தில் இருக்கும் அந்த வார்டுச் சிரிப்பு போய்விட்டிருந்தது. அது இல்லாத முகத்தை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

"என்ன சொல்றான்?" என்றாள் அம்மா.

"ரோட்டுல விழுந்து கெடந்தப்பவே விட்டுட்டானாம்." மிஸ்ஸி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "லாரியிலேருந்து எறங்கி ஓடி வந்து உங்க பிள்ளைதான் அவன் தலையை மடியில வச்சிருந்தானாம். அழுதானாம். அப்பவே விட்டுட்டேம்மாங்கிறான்."

அண்ணன் எங்களிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

"அப்புறம் என்ன மிஸ்ஸி?"

"நீதாம்மா பிடிச்சு வச்சிருக்கே, நான் எப்படிப் போறதுங்கிறான். இத்தனை வருசமா வாசல்ல நின்னது அவன்தான் அக்கா. என் பிள்ளைதான்."

அம்மா பெட்டியைச் சுற்றி வந்து மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க மிஸ்ஸி. ரெண்டு பேரும் சேர்ந்து போகட்டும்."

மிஸ்ஸி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விடமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

"போப்பா" என்றார் கடைசியில். "விட்டுட்டேன். போ."

விலகி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்கு வந்தார்கள். சீனர் "போலே?" என்று கேட்டார். மிஸ்ஸியால் தலையசைக்க முடியவில்லை. அம்மாதான் அசைத்தாள். மூடி சத்தமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டது.

கோவிலில் பூசை முடிந்து, சுவா சூ காங்கில் அண்ணனைப் புதைத்துவிட்டு வேனில் திரும்பினோம். மிஸ்ஸியை முதலில் இறக்கிவிடச் சொன்னாள் அம்மா. ஜாலான் புசாரில் அவருடைய பிளாக் முன்னால் வேன் நின்றபோது நன்றாக வெளிச்சம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கவில்லை. எத்தனையோ பிணங்களோடு தனியாக இருந்த அந்த மனுஷி, மடியில் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயும் கொஞ்சம் மேல வர்றியாப்பா?" என்றார் என்னிடம். "கதவைத் தொறக்கப் பயமா இருக்கு."

"ஏன் மிஸ்ஸி, மேல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றார். "இன்னைக்குத்தான் யாரும் இல்ல."